பேர் பதியாமல் உள்ளே போன மனிதன்

நான் எதற்கும் முன்கூட்டிப் பேர் பதியமாட்டேன். வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பேரை மட்டும் எழுதாதீர்கள்.

முப்பத்தெட்டு வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறேன். நான் திறக்காத கதவு இந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவனைப் போன வருஷம் நூலகத்து விழா வாசலில் நிறுத்தி, "பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கதவுக்குப் பூட்டு மாட்டியவனே நான். அப்படியே திரும்பி வந்தேன். அன்றைக்குப் போட்டதுதான் சபதம். அவனை மறக்கவில்லை. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.

இந்த வருஷம் கண் மங்கிவிட்டது. சாவியை அரத்தால் ராவும்போது நாலு பல் ஆறாகத் தெரிந்தது. நான் செய்து கொடுத்த அலமாரிச் சாவியை ஒரு வாத்தியார் திருப்பிக் கொண்டுவந்தார். திறப்பது இருக்கட்டும், அது ஓட்டைக்குள்ளேயே போகவில்லை. இன்னும் ரெண்டு சாவி இப்படிப் போனால் கடையையே பூட்டிவிட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் சமுதாயக் கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று நோட்டீஸ் வந்தது.

"என்னங்க, முன்னாடியே பேர் பதியணுமாம். போன்ல ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் என் மனைவி.

"என் கண்ணு. என் காலால நடந்து கொண்டுபோறேன். எதுக்குப் பதியணும்?"

"பதியலைன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"பூட்டுக்காரனை வாசல்ல நிறுத்த ஒருத்தன் பொறந்து வரணும்!"

"போன வருஷம் ஒருத்தன் பொறந்து வந்தானே?"

என்னால் பொறுக்க முடியவில்லை. பந்தயம் என்றேன். அவளும் சளைக்கவில்லை.

"சரி. பேர் பதியாம உள்ள போயிட்டு வாங்க, பதிவுங்கிற பேச்சையே இந்த வீட்டுல எடுக்கமாட்டேன். அது நடக்கலைன்னா, என் தம்பி வீட்டுக்கு வரணும்."

கொஞ்சம் யோசித்தேன். அவள் தம்பி வீட்டுப் படி மிதித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. புது வீடு கட்டினானே, அக்கா புருஷன் ஒருத்தன் பூட்டோடு பூட்டாக உட்கார்ந்திருக்க, முன் கதவுக்கு எவனிடமோ பூட்டு வாங்கி மாட்டினான். கையை வெட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"சரி, பந்தயம்" என்றேன்.

முகாம் வாசலில் ஒரு பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பலகை அகலத்துக்கு ஒரு போன்.

"ஐயா, பேர்?"

"சொல்லமாட்டேன்! நான் பதியலை. பதியவும் மாட்டேன். கண்ணு தெரியாதவன் பேர் பதிஞ்சாத்தான் தெரிய வைப்பீங்களா? பேர் பதிஞ்சுக்கிட்டா கண்ணு மங்குச்சு?"

அவள் போனைப் பார்த்தாள். என் மீசையைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தாள். மறுபடி போன்.

"இன்னும் ஏதாவது இருக்கா ஐயா?"

இருந்தது. நூலகத்துக்காரனின் பொத்தான் வரைக்கும் சொல்லி முடித்தேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"முடிஞ்சுதா? உள்ள போங்க ஐயா."

இவ்வளவுதான்! சத்தத்துக்குக் கட்டுப்படாத கதவு உண்டா? சோதித்தார்கள், அளந்தார்கள். கண்ணாடி ரெண்டு வாரத்தில் வரும் என்று ஒரு சீட்டை அடித்துக் கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. அதனால் என்ன? வெற்றிச் சீட்டு! வீட்டுக் கூடத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினேன்.

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. "தோத்தவங்களுக்குப் பேச்சு வராது" என்றேன். "ஆமாங்க" என்றாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரரை அழைத்து வந்து காட்டினேன். சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பெரிய ஆளுதான்! வீட்டம்மாவை நான் கேட்டதாச் சொல்லுங்க."

தபால்காரரும் படித்துச் சிரித்தார். மாடி வீட்டுக்காரர் போனில் படம் பிடித்துக்கொண்டார். ரெண்டு வாரம் மார்பை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை மனைவி கண்ணாடியோடு வந்தாள். அவளே என் மூக்கில் மாட்டினாள்.

"இப்ப சுவத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

படித்தேன். முன்பதிவு எண் பதினாலு. பதிவு செய்தவர்: மனைவி. அதற்குக் கீழே, 'வேறு உதவி தேவையா' என்ற கட்டத்துக்கு எதிரே: 'வெள்ளை மீசை, இடுப்பில் சாவிக்கொத்து. பதியவில்லை என்று வாசலில் சண்டை போடுவார். முடிக்கும்வரை காத்திருந்து உள்ளே விடவும்.'

"இது ஏமாத்து வேலை!"

"பேர் பதியாம உள்ள போனீங்களா, இல்லையா?"

"நான் பதியலையே!"

"உங்க பேர் பதிஞ்சிருந்துச்சே. நாளைக்குக் காலையில கிளம்பணும். வெள்ளைச் சட்டை தேச்சு வெச்சிருக்கேன்."

போனேன். பந்தயம் பந்தயம்தான். ஆனால் வாசலோடு திரும்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் தூக்கச் சொன்ன பைதான் கையை இழுத்தது.

"என்ன இவ்வளவு கனம்?"

"பழங்க."

மச்சினன் வீட்டு முன் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பார்த்தாயா மரியாதையை என்று நான் திரும்பும்போது, வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக அவன் ஓடிவந்தான்.

"வாங்க மாமா! முன் கதவு திறக்காது. பூட்டு இறுகி ஒரு மாசம் ஆச்சு. எல்லாரும் பின் வழியாத்தான் போறோம்."

பதினோரு வருஷம் காத்திருந்த வார்த்தை காதில் விழுந்தது. தேன்!

"எவன்கிட்டயோ வாங்கினா இப்படித்தான் ஆகும்! ஒரு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே? அதே ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிடத்தான் இருந்தேன் மாமா. அக்காதான், முதல்ல மாமா கண்ணு சரியாகட்டும், அப்புறம் கூட்டிட்டு வரேன்னாங்க."

மனைவி பையைத் திறந்தாள். பழத்தைக் காணோம். என் அரம், என் திருப்புளி, என் எண்ணெய்க் குப்பி.

நான் அவளை முறைத்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள். மச்சினன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குன்னு அக்கா போன மாசமே உங்களைப் பதிவு பண்ணிக் கொடுத்தாங்க மாமா. பத்து நிமிஷம் லேட்டு."