மழைமானியைக் கூரைக்குள் நகர்த்திய வரலாறு

மழையை அடக்கி ஆண்ட ஒரே எஸ்டேட் இந்தப் பூமியில் எங்களுடையதுதான். மலாக்காப் பக்கம் பெம்பானுக்கு உள்ளே, ஐம்பத்தொன்றாம் ஆண்டில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து அந்தச் சாதனையைச் செய்தவனே நான்தான்.

வெள்ளைக்கார சர்க்காரின் அவசரகாலம் வந்ததும், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களிடமிருந்து எங்களைக் 'காப்பாற்ற' தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போடப்பட்டது. நல்ல ஊற்று வேலிக்கு வெளியே போயிற்று. கக்கூஸும் கிணறும் உள்ளே வந்தன. கக்கூஸ் மேட்டில், கிணறு பள்ளத்தில். பெருமழை பெய்தால் இரண்டும் வேற்றுமை பாராட்டாமல் கலந்துகொள்ளும். ரப்பர் பால் வாளி தவிர எந்தப் பாத்திரமும் கேட்டைத் தாண்டக் கூடாது. விறகு பொறுக்கவும் தடை. ஆனால் 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்.

என்னிடம் இரண்டு ரிஜிஸ்தர்கள். ஒன்றில் மழை, மற்றதில் காய்ச்சல். மூன்று அங்குலம் பெய்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் டைபாய்டு வந்துவிடும். மலாக்கா பஸ்கூட அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

ஒரு பெருமழைக்கு மறுநாள் பால்வெட்டும் கருப்பாயி ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, ஊத்துத் தண்ணி தினம் ஒரு வாளி எடுக்க உத்தரவு குடுங்கய்யா. போன மழைக்கே பக்கத்து வீட்ல ரெண்டு பேரு படுத்துட்டாங்க. எனக்கு இருக்கறது சாந்தி ஒருத்திதான்."

"அந்தத் தண்ணிய காட்டுல இருக்கறவனுக்குக் குடுத்துட்டா?"

"காட்டுல ஆறே ஓடுதுங்களே ஐயா!"

"அது வேற டிப்பார்ட்மெண்ட் லா."

இருந்தாலும் கூட்டம் கூடியது. துரை, எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தனபாலன், நான். தனபாலன் இரண்டு ரிஜிஸ்தர்களையும் விரித்து வைத்தார்.

"மழ பேஞ்சா காய்ச்சல் வருது துரை. ஊத்துக்கு வழி விட்டா நின்னுடும்."

துரை ரிஜிஸ்தர்களை மூடினார். "வேலி தொடக் கூடாது. மழை குறைக்க முடியுமா?"

"முடியும் துரை" என்றேன் நான்.

அன்றே வெட்டவெளியிலிருந்த மழைமானியை ஆபீஸ் கூரைக்கு அடியில் நகர்த்தினேன். அடுத்த வாரம் மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. ரிஜிஸ்தரில் பூஜ்யம். 'வறட்சி நிலவுவதால் நீர்வழி நோய்க்கு இடமில்லை' என்று மேலிடம் பாராட்டிக் கடிதம் எழுதியது. கருப்பாயியின் விண்ணப்பத்துக்கும் அதுவே பதிலாயிற்று.

அந்த மழைக்குப் பன்னிரண்டாம் நாள் சாந்தி படுத்தாள். மூன்று வாரம் கிடந்து செத்துப் போனாள். வயது ஆறு.

இறப்பைப் பதிய வந்த கருப்பாயியின் சேலையிலிருந்து மழை சொட்டியது. நான் இறப்புப் பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினேன்.

"என்னய்யா எழுதறீங்க?"

"காய்ச்சல்... காரணம் தெரியலன்னு."

"உங்க வீட்டுக்கு மட்டும் ஊத்துத் தண்ணி தினம் லாரியில வருதுங்களே ஐயா. நான் கேட்டது ஒரு வாளிதான்."

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று துரை அடிக்கடி மெச்சுவார். 'காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.