கிணறு வழிமொழிந்தது

இனிமேல் எழுதப்படும் எந்தப் பொருளாதார வரலாறும் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னச் சந்தில் இருந்துதான் தொடங்கியாக வேண்டும். ஒரு கிணற்றை இயக்குநர் சபையில் அமர்த்திய பெருமை இப்பூவுலகில் எங்களுக்கு மட்டுமே உரியது. மானிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்கி, ‘சபைக் கிணறு எங்கை?’ என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். இப்போது கொஞ்சம் கோபமாகக் காட்டுகிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நான் அந்தச் சபையின் செயலாளர். கூட்டுறவுத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த தொழில் கூட்டம் நடத்துவது ஒன்றுதான். அதை வடிவாய்ச் செய்வேன் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுடையது பங்குக் கிணறு. எட்டுக் குடும்பத்துக்கு எட்டுப் பங்கு. ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. காணி உறுதிப் பத்திரத்திலேயே ‘கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காற் பங்கும்’ என்று எழுதியிருக்கும். இத்தனை பெரிய சொத்தை வைத்துக்கொண்டு எங்கள் முன்னோர் செய்த ஒரே காரியம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்தது. இன்று இறைத்தால் விடிய மறுபடி ஊறி அதே மட்டத்தில் நிற்கும். தலைமுறை தலைமுறையாக அதே மட்டம். வளர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. வெட்கக்கேடு.

இந்த வெட்கத்தைத் துடைத்தவன் என் தங்கை மகன் ஜெரிசன். லண்டனில் நிதியியல் படித்தவன். காணி விஷயமாக ஊருக்கு வந்து, உறுதியை வாசித்துக்கொண்டு போனவன் ஒரு சொல்லில் அப்படியே நின்றுவிட்டான்.

“மாமா, உங்களிட்டைப் பங்கு இருக்குது. சந்தை எங்கை?”

“சுன்னாகத்திலை,” என்றேன். “மரக்கறிக்கெண்டால் திருநெல்வேலிச் சந்தையும் நல்லது.”

“உது இல்லை மாமா. பங்குச் சந்தை. உங்கடை கிணத்துப் பங்கை உலகம் முழுக்க விக்கலாம். உங்களுக்கு விளங்கேல்லை, நீங்கள் எல்லாரும் பங்குதாரர்.”

முப்பது வருடம் அரசாங்கம் என்னை ‘ஊழியர்’ என்றுதான் அழைத்தது. ‘பங்குதாரர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

‘நிலைபேறு நீர்வளக் கம்பனி’ அந்த மாதமே உதயமாயிற்று. ஏழு குடும்பங்கள் பங்கை எழுதிக் கொடுத்தன. எட்டாவது பங்கு கத்தரீனாவுடையது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் போட்டிருப்பவள். தனி மனுசி, இரண்டு பெண் பிள்ளைகள். வெங்காயம் கிண்டி விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். அவளிடம் நானே நேரில் போனேன்.

“நிலைபேறு எண்டால் என்ன அண்ணை?” என்று கேட்டாள்.

“இருக்கிற வளத்தைக் குறையாமல் பாதுகாத்துக்கொண்டு, அதிலையிருந்து வரவரக் கூட எடுக்கிறது.”

“குறையாமலோ, கூடவோ?”

“ரண்டும்தான்.”

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். “என்ரை பங்கு என்னோடை இருக்கட்டும். எட்டு நாளைக்கு ஒருக்கால் வந்து என்ரை முறைக்கு இறைச்சுக்கொண்டு போறன். அது காணும் எனக்கு.”

‘காணும்’, அதாவது ‘போதும்’ என்றாளே, அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நவீன பொருளாதாரத்தில் அதற்கு இடமே கிடையாது. அவளுடைய அறியாமைக்காக உண்மையிலேயே வருந்தினேன்.

தொடக்க விழா சிறப்பாக நடந்தது. ஆசியுரைக்கு எங்கள் தேவாலயத்துப் பங்குத்தந்தையை அழைத்திருந்தோம். கொழும்பிலிருந்து வந்த பொருளாதார நிருபர் அழைப்பிதழில் ‘பங்குத்தந்தை’ என்றிருப்பதைக் கண்டு, பங்குகளைக் கண்டுபிடித்தவரே நேரில் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். சந்தை நிலவரம் எப்படியிருக்கும் என்று கேட்டார். “ஜெபியுங்கோ தம்பி,” என்றார் சுவாமி. ‘ஜெபத்துடன் முதலிடவும்: நிபுணர் ஆலோசனை’ என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. பங்கு விலை ஏறிற்று.

ஜெரிசன் ஒவ்வொரு பங்கையும் ஆயிரம் துண்டாக்கி விற்றான். ரொறன்ரோவில் ஒருவருக்கு அரை வாளி சொந்தம். பாரிஸில் ஒருவர் கயிற்றின் நனைந்த பகுதிக்கு உரிமையாளர். அவர்கள் தங்கள் சொத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் அல்லவா? கிணற்றுக் கட்டில் கமெரா பூட்டினோம். கிணற்றுத் தவளைகள் என்று இனி யாரும் எங்களைக் கேலி செய்ய முடியாது. எங்கள் தவளையை ஒஸ்லோவில் பார்க்கிறார்கள். அது தண்ணீருக்குள் பாய்ந்து மறைந்தால் அங்கே விலை சரிகிறது. மறுபடி தலை காட்டினால் நிமிர்கிறது.

கம்பனி என்றால் வாடிக்கையாளர் வேண்டும். கிடைத்தவர் கலியாண மண்டபக்காரர் கிறிஸ்ரோபர். ஆறும் மலையும் இல்லாத எங்கள் குடாநாட்டில், மண்டபத்து முற்றத்திலே சீமெந்தால் மலை கட்டி அதில் நீர்வீழ்ச்சி விட்ட தீர்க்கதரிசி. ஆவணியில் வெளிநாட்டுச் சனம் கலியாணத்துக்கு வந்து குவியும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் அருவிக்குக் கீழே நின்று படம் எடுக்காவிட்டால் அந்தக் கலியாணம் செல்லாது என்ற நிலை வந்துவிட்டிருந்தது. அருவி விழ விழ எங்கள் கிணற்றில் இறைக்கிற மெசின் ஓடிற்று. மெசின் ஓட ஓடப் பங்கிலாபம் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் உலகம் எங்களிடம் கற்க வேண்டிய பாடம் வருகிறது. ஒவ்வொரு காலாண்டும் முந்திய காலாண்டை விடக் கூட இலாபம் காட்ட வேண்டும் என்பது முதலீட்டாளரின் நிபந்தனை. கிணறு கூட ஊறினால்தான் அது நடக்கும். அதேவேளை, எங்களுக்கு நிதி தர முன்வந்த வெளிநாட்டு அமைப்பு ஒன்று ‘இயற்கையின் முன்கூட்டிய சம்மதம்’ பெறப்பட வேண்டும் என்றது. இரண்டையும் ஒரே கல்லில் அடித்தேன். கிணற்றை இயக்குநர் சபை உறுப்பினராக்கி, தீர்மானங்களை ஒலிபெருக்கியில் அதற்கே வாசித்துக் காட்ட ஒழுங்கு செய்தேன். விதி ஏழு முழுக்க முழுக்க என் கைவண்ணம்: ‘வாசித்த வாசகத்தின் கடைசிச் சொல்லைக் கிணறு மூன்று முறை திருப்பிச் சொன்னால் தீர்மானம் நிறைவேறும். பேசாமல் இருந்தால் தோற்கும். நிறைவேறிய தீர்மானத்தை ரத்துச் செய்வதானால், அது மறுபடி வாசிக்கப்படும்போது கிணறு பேசாமல் இருத்தல் வேண்டும்.’

முதல் கூட்டத்தில் கிணற்றுக் கட்டைச் சுற்றிக் கதிரை போட்டு இருந்தோம். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “அடுத்த காலாண்டில் ஊற்றைப் பத்து வீதம் கூட்ட வேண்டும்” என்று வாசித்தேன். கிணறு அன்று நிரம்ப நின்றது. வாயே திறக்கவில்லை.

“யோசிக்குது போலை,” என்றார் கிறிஸ்ரோபர்.

“கொஞ்சம் இறைச்சுப்போட்டுக் கேப்பம்,” என்றான் ஜெரிசன்.

பெரிய மெசின் கொண்டுவந்து பின்னேரம் வரை இறைத்தோம். மறுபடி வாசித்தேன். உள்ளேயிருந்து கனத்த குரலில் பதில் வந்தது. “வேண்டும்... வேண்டும்... வேண்டும்.” எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி மறுபேச்சில்லாமல் சம்மதிக்கும் உறுப்பினரைக் கூட்டுறவுத் துறையில் நான் கண்டதேயில்லை. அதுவும், தண்ணீர் குறையக் குறைய அதன் ஒத்துழைப்புக் கூடிக்கொண்டே போயிற்று. இரண்டாம் காலாண்டில் நான் செருமியதற்கும் சம்மதம் சொல்லிற்று.

சிறு சலசலப்பு இல்லாமல் இல்லை. ஒரு நாள் காலையில் கத்தரீனா தண்ணிக் குழாயைத் தோளில் போட்டபடி என் வாசலுக்கு வந்தாள்.

“அண்ணை, இண்டைக்கு என்ரை முறை. கிணத்துக்கை சேறுதான் கிடக்கு.”

“உம்மடை பங்கு அப்பிடியே இருக்குதுதானே. ஆரும் தொடேல்லை.”

“பங்கு இருக்குது. தண்ணி?”

“பங்கின்ரை விலை எங்கையோ போட்டுது, தெரியுமோ? நீர் இப்ப இந்த ஒழுங்கையிலையே பெரிய பணக்காரி.”

“விலையை வெங்காயத்துக்கு இறைக்கலாமோ?”

“அப்பிடிக் கதைக்கக் கூடாது கத்தரீனா.”

“வேறை எப்பிடிக் கதைக்கிறது? வெங்காயத் தாள் எல்லாம் சரிஞ்சு கிடக்கு. இன்னும் மூண்டு இறைப்புத்தான் தேவை, பேந்து கிண்டிப்போடுவன். அந்த மூண்டு முறைக்கு மட்டும் உந்தக் கோதாரி மெசினை நிப்பாட்டுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவள் கேட்டது நியாயம்தான் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வாரம் கிறிஸ்ரோபரின் மண்டபத்தில் தொடர்ந்து கலியாணங்கள். அவளுடைய கோரிக்கையைச் சபையில் வைத்தேன். ‘மெசினை நிறுத்த முடியாது’ என்ற தீர்மானத்தைக் கிணற்றுக்கு வாசித்தோம். “முடியாது... முடியாது... முடியாது,” என்றது கிணறு. சனநாயகம் என்றால் அதுதான்.

பிறகு தண்ணீர் வேறு ருசி காட்டிற்று. எங்கள் ஊரில் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறி வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் சபையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கவில்லை.

“மாமா, தண்ணி உவருது,” என்றான் ஜெரிசன். முகத்தில் கவலையின் சாயலே இல்லை. “மினரல் கூடியிருக்குது. இனி மினரல் வோட்டர் எண்டு விலையைக் கூட்டலாம்.”

பங்கு விலை இன்னும் ஏறிற்று. கத்தரீனாவுக்கு ஒரு முறை தண்ணீர் கிடைத்தது. அவளும் ஆசையோடு இறைத்தாள். அந்தக் கிழமையே வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகத் தொடங்கி, பாத்தி பாத்தியாகப் படுத்துவிட்டது. கிண்டிப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவில்கூட ஒரு குமிழ் இல்லை. அவள் அழவில்லை, ஏசவுமில்லை. வரம்பில் இருந்து எங்கள் மெசின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று என் மனைவி வந்து சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயுத் தொல்லையாக இருக்கலாம்.

அடுத்து வந்தவர் கிறிஸ்ரோபர். “செயலாளர், என்ரை அருவியிலை உப்புப் பூக்குது. நேற்று மாப்பிள்ளைக்குக் கண் எரிஞ்சு தாரை தாரையாய் அழுதவர். வீடியோக்காரன் நல்ல காட்சியெண்டு கிட்டப் போய் எடுத்துப்போட்டான். அந்தக் காட்சி இப்ப உலகம் முழுக்கச் சுத்துது.”

உலகம் பார்த்தது, விலை விழுந்தது. ஒஸ்லோவில் தவளையைத் தேடினார்கள். அது எப்போதோ வேலியைக் கடந்து போய்விட்டிருந்தது. முதலீட்டாளர்கள் விளக்கம் கேட்டார்கள். அவசரக் கூட்டம் கூட்டினோம். கமெரா வழியாக எல்லா நாடும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒழுங்கைச் சனம் வேலியோரமாக நின்றது.

சபை ஆழமாக ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தது. குற்றவாளி கிணறுதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் சம்மதித்துவிட்டு, சொன்னபடி ஊறாமல் ஏமாற்றியிருக்கிறது. தீர்மான வாசகத்தை நானே எழுதினேன்: ‘இந்த அழிவுக்குக் காரணம் நாங்கள் அல்ல, கிணறே.’ கடைசிச் சொல்லைத்தான் கிணறு பிடிக்கும் என்பதால் ‘கிணறே’ என்பதைத் திட்டமிட்டுக் கடைசியில் வைத்தேன். கிணறு தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

முன்னுரை நீண்டது. வெயில் வேறு. தொண்டை கரகரத்தது. முக்கிய வாசகத்துக்கு வந்தபோது, கத்தரீனா ஒரு செம்போடு சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“தொண்டை காயுது உங்களுக்கு. தண்ணி குடிச்சிட்டு வாசியுங்கோ அண்ணை.”

கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து வாய் நிறைய ஊற்றி விழுங்கிவிட்டு, ஒலிவாங்கியைக் கிணற்றுக்குள் நீட்டினேன்.

“இந்த அழிவுக்குக் காரணம் நாங்கள்...”

அந்த இடத்தில் உப்புத் தொண்டையைப் பிடித்தது. கடல் அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது போல ஓர் எரிவு. குரல் நின்றுவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்றுக்கூட வரவில்லை.

கிணறு ஒரு சொல்லையும் சிந்தாமல் வாங்கிக்கொண்டது.

“நாங்கள்... நாங்கள்... நாங்கள்.”

“மாமா, மிச்சத்தைச் சொல்லுங்கோ,” ஜெரிசன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “அல்ல எண்டு சொல்லுங்கோ, கெதியா.”

எனக்கு இருமல்கூட வரவில்லை.

“உங்கடை கம்பனித் தண்ணிதான் அண்ணை,” என்றாள் கத்தரீனா. “மினரல் கூடினது. ரண்டு மாசமாய் என்ரை பிள்ளையள் குடிக்கிறது உந்தத் தண்ணிதான். உங்களுக்கு ஒரு மிடறு இறங்கேல்லையோ?”

கிறிஸ்ரோபர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செம்பை என் மேசையில் வைத்தாள். “கிணறு மூண்டு தரம் சொல்லிப்போட்டுது. உங்கடை விதிதானே? எழுதுங்கோ.”

எழுதினேன். வேறு என்ன செய்வது? முன்மொழிந்தவர் செயலாளர், வழிமொழிந்தது கிணறு, எதிர்ப்பு இல்லை.

அந்தத் தீர்மானத்தை எப்படியாவது ரத்துச் செய்துவிடுங்கள் என்று ஜெரிசன் லண்டனில் இருந்து தினமும் தொலைபேசியில் மன்றாடுகிறான். நானும் விதி ஏழைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பார்க்கிறேன். அதில் ஓர் ஓட்டையும் இல்லை. அவ்வளவு இறுக்கமாக எழுதியிருக்கிறேன். நான் மறுபடி அதை வாசிக்கும்போது கிணறு பேசாமல் இருக்க வேண்டும். அது பேசாமல் இருப்பதற்கு அதற்குள் தண்ணீர் நிற்க வேண்டும்.