ஏசி அறையில் ஒரு கார் பந்தயம்

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது நான் ஜெயித்தே தீருவேன் என்று கத்திரி வெயிலில் ஒரு சபதம் எடுத்தேன். வெயிலில் எடுத்ததால் சபதம் நன்றாகவே சூடாக இருந்தது.

என் பெயர் ஃபராஸ். ராயப்பேட்டையில் வீடு, மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டில் நானும் என் மனைவி ருக்சாரும் மட்டும்தான். இரண்டு பேர், இரண்டு அறை, ஒரே ஒரு ஏசி. சண்டை எங்கே வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்த ஏசி அறையில்தான் என் புதுக் கம்ப்யூட்டர் கொலுவிருக்கிறது. ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி, வீடியோ பார்த்து, என் கையாலேயே பூட்டியது! நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு! ஸ்விட்சைப் போட்டால் கல்யாண மண்டபம் தோற்றது. கார் பந்தயம் ஆடுவதற்கென்றே பிறந்த பெட்டி.

ஆனால் ருக்சாருக்கும் அதே அறை வேண்டும். ஆரி வேலை சொல்லிக்கொடுக்கப் போகிறாள். பிளவுஸில் மணியும் ஜரிகையும் வைத்துக் கொக்கி ஊசியால் தைப்பார்களே, அதுதான். திங்கட்கிழமை முதல் வகுப்பு. பாண்டி பஜாரில் நூல், மணி எல்லாம் வாங்கி வந்து அடுக்கிவிட்டாள்.

"ஏங்க, பொண்ணுங்க துணி கட்டுற ஸ்டாண்டைச் சுத்தி உக்காந்து தைக்கணும். ஹால்ல உக்கார வெச்சா வேர்வை பட்டுத்துணியில சொட்டும்."

"கம்ப்யூட்டருக்கு மட்டும் வேர்க்காதா? அதுக்குத்தாம்மா முக்கியமா ஏசி வேணும்."

"அது ஓடினாத்தானே வேர்க்கும்?"

சுருக்கென்று குத்தினாள். ஊசி பிடிக்கிற கை அல்லவா!

உண்மைதான். பெட்டி ஓடவில்லை. அதாவது, ஓடியது; தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் நாம் ஓடுவோமே, அப்படி ஓடியது. திரையில் தெரிவது சரசரவென்று மாறுகிற படங்கள்தான். ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். வினாடிக்கு நூற்று நாற்பது ஃப்ரேம் வரும் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். எனக்கு வந்தது பதினாறு! ஆட்டம் தொடங்கினால் ஒரு நிமிஷம் கார் பறக்கும். பிறகு விக்கல் எடுக்கும். திருப்பம் திரையில் வருவதற்குள் கார் கடலில் இருக்கும்.

"என்னங்க குறையுது?" என்று கேட்டாள்.

"ஃப்ரேம் ரேட்."

"கடையில யாராவது ஃப்ரேம் ரேட் கேட்டா டக்குனு சொல்றீங்க. வீட்டுல ஏன் திணர்றீங்க?"

ஊருக்கே ஃப்ரேம் விற்கிறவன் வீட்டில் ஃப்ரேம் பஞ்சம். இதைவிட மானக்கேடு உண்டா?

கடைசியில் பந்தயம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்துக்குள் கார் விக்காமல் ஓடினால் ஏசி அறை எனக்கு. ஓடாவிட்டால் அவளுக்கு. போகிற போக்கில் ஒரு நிபந்தனையும் போட்டாள்: "ஏமாத்து வேலை செஞ்சா அப்பவே ரூம் என்னுது."

"நானா? ஏமாத்துறதா?" என்று நெஞ்சில் கை வைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. என்ன உற்சாகம் தெரியுமா! இனி கத்திரி எப்படிக் கொளுத்தினாலும் எனக்குக் காஷ்மீர்தான்!

உடனே கீழ்வீட்டுக் கபாலியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் என்றால் அவனுக்கு உயிர். என் பெட்டியைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை.

"இன்னா பாய், வண்டி நொண்டிக்கினு கீது?"

"நீதான்டா காப்பாத்தணும்."

இருவரும் பாய்ந்தோம். டிரைவர் என்கிற மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். பதினாறு. மெமரியைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றினோம். பதினாறு. காட்சியின் அழகையெல்லாம் குறைத்தோம். கார் சோப்புக்கட்டி மாதிரி ஆனது, அப்போதும் பதினாறு! விண்டோஸையே வழித்துப்போட்டு மறுபடி ஏற்றினோம். பதினேழு வந்தது. கட்டிப்பிடித்துக் குதித்தோம். மறுபடி பதினாறு ஆகிவிட்டது.

இடையில் சுண்டல் கொண்டுவந்த ருக்சார், பெட்டியின் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். நான் அலறிவிட்டேன்.

"தொடாதே! புதுசு!"

"மூணு வாரமா புதுசா? ஃப்ரிட்ஜுலயும் பிரிக்க விடல, மிக்ஸியிலயும் பிரிக்க விடல. இதுலயும் எதையும் பிரிக்கலையா?"

"ஒண்ணே ஒண்ணைக்கூடப் பிரிக்கல! உள்ளே வெளியே எல்லாம் அப்படியே இருக்கு," என்றேன் பெருமையாக. பொருளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள், கபாலியை ஒரு பார்வை பார்த்தாள், சமையலறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நான் கடையை முடித்துவிட்டு வந்தபோது கபாலி வாசற்படியிலேயே நின்றிருந்தான். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"பாய், இனிமே பொட்டியத் தொடாத. ரெஸ்ட்ல வுடு. நாளைக்கு நீ கேமே போட வேணாம்."

"போடாம எப்படிடா ஜெயிக்கிறது?"

காதருகே வந்தான். "இதே கேம எவனோ சூப்பரா ஆடிக்கீறான். அந்த வீடியோவ இறக்கி உன் பொட்டில போட்டு வெச்சிட்டேன். ஃபுல் ஸ்க்ரீன்ல ஓட வுடு. நீ கையில கன்ட்ரோலர வெச்சிக்கினு சும்மா ஆட்டு. அண்ணிக்கு இன்னா தெரியப் போவுது?"

அடடா! என்ன மூளை! எனக்குப் புல்லரித்தது. நெஞ்சில் கை வைத்துச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. ஹால் வெயிலும் ஞாபகம் வந்தது. வெயில்தான் ஜெயித்தது.

ஞாயிறு. டீ நேரம். ருக்சார் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கபாலி நடுவர். வீடியோவைத் தட்டினேன்.

யா அல்லாஹ்! கார் என்ன பறப்பு பறந்தது! நான் கன்ட்ரோலரை இடுப்போடு சேர்த்து ஆட்டினேன். வளைவில் உடம்பைச் சாய்த்தேன். முன்னால் போன காரைத் திட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கட்டத்தில் நான்தான் ஓட்டுகிறேன் என்று நானே நம்பிவிட்டேன்!

"மாஷா அல்லாஹ்! எவ்ளோ நல்லா ஓட்டுறீங்க!" என்றாள் ருக்சார். "அந்த மஞ்சக் காரைப் புடிங்க!"

"பாரு இப்போ!" என்றேன். அல்லாவின் அருளால் அடுத்த நொடியே கார் மஞ்சளை முந்தியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"களைச்சுப் போய்ட்டீங்க. இந்தாங்க, டீ."

வாங்கிக்கொண்டேன். சூடாக, இஞ்சி தட்டிப் போட்ட டீ.

"இந்தாங்க, சமோசா."

இன்னொரு கையால் அதையும் வாங்கிக்கொண்டேன். பந்தயம் கட்டி ஜெயிக்கிறவனுக்குப் பசிக்காதா? ஒரு கடி, ஒரு உறிஞ்சு. சுகமோ சுகம்.

"ஏங்க."

"ம்?"

"கன்ட்ரோலர் உங்க மடியில கிடக்குது. கார் இன்னும் முந்திக்கிட்டுப் போகுதே?"

பார்த்தேன். கார் ஒரு கொண்டை ஊசி வளைவை அழகாக எடுத்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து முதலாவதாக வந்தது. திரையில் பட்டாசு வெடித்தது. சமோசா தொண்டையில் நின்றது.

"அது... ஆட்டோமேட்டிக்," என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். வீடியோவை மூடினாள். நிஜ விளையாட்டைத் திறந்தாள். திறந்தது மட்டுமா, ஓட்டினாள்! கார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் போனது. ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஒரு விக்கல் இல்லை. மூலையில் எண்ணைப் பார்த்தேன். நூற்று நாற்பத்து நாலு!

"எப்... எப்படி?"

"உள்ளே மூளை மாதிரி ஒரு சிப் இருக்குல்ல, அதுக்கு மேல சூட்டை உறிஞ்ச ஒரு கட்டி வெச்சிருக்கீங்க. அந்தக் கட்டியோட அடியில இருந்த பிளாஸ்டிக்கையும் பிரிக்காமலே பூட்டிட்டீங்க. சூடு அந்தக் கட்டிக்கு எப்படிங்க போகும்? உள்ளயே வெந்து வெந்து, அது பயந்து மெதுவா ஓடியிருக்குது. எதையும் பிரிக்கலைனு நீங்க சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். நேத்து நீங்க கடைக்குப் போனதும் கபாலி அண்ணனைக் கழட்டச் சொல்லிப் பிரிச்சிட்டேன்."

"நேத்தே சரியாயிடுச்சா? அப்போ நான் நிஜ கேமையே போட்டிருந்தா..."

"நியாயமா ஜெயிச்சிருப்பீங்க. ரூமும் உங்களுக்கே போயிருக்கும்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல சரி பண்ணே?"

"நேர்வழி, குறுக்குவழி ரெண்டும் திறந்திருந்தா நீங்க எதுல போவீங்கனு எனக்குத் தெரியாதா? அந்த வீடியோ யோசனையைக் கபாலி அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

திரும்பினேன். கபாலி கூரையில் எதையோ ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! ஒரு தட்டு பிரியாணிக்கா என்னை வித்தே?"

"சீச்சீ! பிரியாணிக்கெல்லாம் எவனாச்சும் ஃப்ரெண்ட விப்பானா பாய்? இன்னா வார்த்தை பேசிட்ட!" அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

திங்கட்கிழமை. ஏசி அறையில் பெண்கள் குளுகுளுவென்று தைக்கிறார்கள். என் பெரிய திரையில் மாங்காய் டிசைன் தெரிகிறது. நான் ஹாலில், டேபிள் ஃபேன் திரும்பும் பக்கமெல்லாம் நானும் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவு லேசாகத் திறந்தது. ருக்சார் தலையை நீட்டினாள். பார்க்கவே பாவமாக இருந்திருக்கும் போல, குரல் இளகியிருந்தது.

"மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்காதீங்க. கிளாஸ் முடிஞ்சதும் வந்து கேம் ஆடிக்கோங்க, வேணாம்னா சொன்னேன்?"

துள்ளி எழுந்தேன். "நிஜமாவா? தினமுமா?"

"தினமும்தான். கபாலி அண்ணன் ஆடி முடிச்சதும்."