சாயங்காலம் வரைக்கும்

ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றபோது அழுகையும் கூடவே நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கி முதலில் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு மெல்ல நின்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள். கடைசியில் கங்காதரனைப் பார்த்தார்கள்.

கரண்ட் போய்விட்டது.

பெட்டிக்குள் படுத்திருந்தவர் கங்காதரனின் அப்பா வேதாசலம். முந்தின நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போனவர். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. பீர்க்கன்கரணையில் கரண்ட் போவதற்கென்று ஒரு நேரம் குறித்திருந்தார்கள். அந்த நேரத்தில் தவறாமல் போனது. மற்ற நேரங்களிலும் போனது.

கங்காதரன் மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. வீட்டில் எந்தப் பெரிய காரியத்தையும் அவனை நம்பி விட்டதில்லை. வீடு கட்டியபோது மாடிப்படி எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைக்கூட அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் சுந்தரராமனைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். கங்காதரன் ஏறி இறங்குவதற்குத்தான் அந்தப் படி.

தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனும் சுந்தரராமன்தான். முந்தின நாள் காலை கங்காதரன் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணன் போன் செய்திருந்தான். அம்மா நாகலக்ஷ்மி பேசியிருக்கிறாள். இவன் திரும்பி வந்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சுந்தரம் பேசினான். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் அப்பாவை வெச்சிருக்கணும் கங்கா."

அதற்குப் பிறகு கங்காதரன் இரண்டு தடவை அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிளேனில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அண்ணன் வந்து சேரும்வரை அப்பாவைக் கெடாமல் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். வாழ்க்கையில் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பெரிய வேலை அது.

இப்போது கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கும் அணைந்து, அப்பாவின் முகம் சரியாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஏசுதாசன் எழுந்து வந்தார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மாதா கோயில் தேர்பவனிக்கு என்று ஒரு தள்ளுவண்டி வைத்திருந்தார். அதில் ஒரு லாரி பேட்டரியும் ஒரு இன்வெர்ட்டரும் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கும். பேட்டரியில் இருப்பதை இன்வெர்ட்டர் வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். தேர் தெருவெல்லாம் சுற்றி வந்தாலும் விளக்கு அணையாது.

"மாதாவையே ஊர் சுத்தி வெளிச்சமா கூட்டிகினு வந்த வண்டி தம்பி. அப்பாவுக்கு ஆகாதா?" என்றார்.

வண்டியைக் கூடத்துக்குள் தள்ளி வந்து, பெட்டியின் பிளக்கை அதில் சொருகினார்கள். பெட்டி ஒரு தடவை குலுங்கியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்துபோனது. பெண்களில் ஒருத்தி அதைக் கேட்டுப் பயந்து மறுபடி அழ ஆரம்பித்தாள்.

மோட்டார் கிளம்பும்போது ரொம்ப இழுக்கிறது, இன்னொரு பேட்டரி சேர்த்தால் தாங்கும் என்று ஏசுதாசன் சொன்னார். இன்னொரு பேட்டரிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, வாசலில் காஞ்சிபுரத்து மாமாவின் வேன் நின்றது. அம்மாவின் தம்பி அவர். உறவுக்காரர்கள் எல்லோரையும் அதில்தான் அள்ளி வந்திருந்தார். வேனின் பேட்டரியைக் கழற்ற அவருக்கு மனசில்லை. ஆனால் அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். கழற்றிக் கொடுத்தார்.

இரண்டு பேட்டரியையும் சேர்த்ததும் பெட்டி உறுமியது. விளக்கு எரிந்தது. அப்பா மறுபடி தெரிந்தார். அம்மா கண்ணாடியின் மேல் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.

கங்காதரன் அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் புழுக்கம் தாங்காமல் உறவினர்கள் விசிறிக்கொள்ள எதையாவது தேடினார்கள். ஒரு வயதானவருக்கு மயக்கம் வந்தது. பெட்டிக்கே வருகிறபோது ஃபேனுக்கு வராதா என்று யாரோ கேட்டார்கள். வரும் என்றார் ஏசுதாசன். அவரிடம் இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயர் ஒன்று இருந்தது. ஒரு முனையை வண்டியிலும் மறு முனையைக் கிரைண்டர் போடும் பிளக்கிலும் சொருகினால் வீடு பூராவும் கரண்ட் வரும். மெயினை மட்டும் முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் கரண்ட் கம்பி வழியாகத் தெருவுக்கே போய்விடும்.

மெயினை அணைக்கும் வேலை மாமாவிடம் கொடுக்கப்பட்டது. அவர் வாசல் பக்கம் போய், இருந்த இரண்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆச்சு என்று குரல் கொடுத்தார்.

ஒயரைச் சொருகினார்கள். எதிர் வீட்டு டியூப்லைட் ஒரு தடவை மின்னியது. அங்கே யாரோ கை தட்டினார்கள். அடுத்த கணம் வண்டி கத்தி ஓய்ந்தது. பெட்டியும் நின்றது. வேதாசலம் போன பிறகும் ஒரு நொடி தெருவுக்கே விளக்கேற்றி வைத்திருந்தார்.

இரண்டாவது முறை கங்காதரனே போய்ச் சரியான மெயினை அணைத்தான். இந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது. பெட்டி உறுமியது, ஃபேன் சுழன்றது, மயங்கியவர் எழுந்து காப்பி கேட்டார். தம்பி நல்லா சமாளிக்கிறான் என்று பின்னால் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. அப்பா அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. பெட்டியின் தலைமாட்டில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான்.

கரண்ட் வந்தது.

எதிர் வீட்டு டிவி சத்தத்தை வைத்து மாமாதான் அதைக் கண்டுபிடித்தார். முதல் தடவை செய்த தவறுக்குப் பரிகாரமாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே எழுந்து போய் மெயினைப் போட்டார். அதற்கு முன் ஒயரைப் பிடுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

வெடித்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பின. வண்டியிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. மெயின் போர்டிலிருந்தும் வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. கங்காதரன் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்தபோது, "நான் எங்க போறது? நீ போ," என்றாள்.

அதற்கப்புறம் தெரு முழுவதும் கரண்ட் இருந்தது, சாவு வீட்டைத் தவிர. மின்வாரிய ஆபீசுக்குப் போன் செய்ததற்கு, லைன்மேன் வெளியே போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். ஏசுதாசன், கருகிப்போன தன் வண்டியைக் கண்ணால் பார்க்காமலே, தன் வீட்டிலிருந்து சுவர் மேலாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். சீரியல் செட் ஒயர் அது. குட்டி பல்புகளுக்கானது. பெட்டியைத் தாங்காமல் இளகிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஏசுதாசன் வீட்டு ஃபியூசும் போனது. அவர் மனைவி வாசலில் வந்து நின்று இவர்களைப் பார்த்தாள். துக்க வீடு என்பதால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

கடைசியில் வேறொரு வீட்டிலிருந்து தடிமனான ஒயர் வந்தது. ஆனால் பெட்டி கிளம்பவில்லை. வெடித்ததில் அதன் மோட்டாரும் போயிருந்தது. பெட்டிக்காரரைக் கூப்பிட்டால், இருந்த பெட்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது என்றார். ஊரில் அன்றைக்குச் சாவு அதிகம்.

அப்போதுதான் மாமா கங்காதரனைத் தனியாகக் கூப்பிட்டார். இதற்கு மேல் வைத்திருப்பது நல்லதில்லை, சுந்தரம் வந்தால் அஸ்தியைப் பார்க்கட்டும், நீயும் பிள்ளைதானே, நீயே கொள்ளி வை, இப்போதே எடுத்துவிடலாம் என்றார். கங்காதரனுக்கும் அது சரி என்று பட்டது. அம்மாவிடம் போய் உட்கார்ந்து சொன்னான்.

அவள் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "சாயங்காலம் ஆகட்டும்."

"நான் வெச்சா ஆகாதாம்மா?"

"சாயங்காலம் ஆகட்டும் கங்கா."

அவன் வெளியே வந்து, உருகிய ஒயர் ஒட்டியிருந்த சுவரில் சாய்ந்து நின்றான். அப்பாவோடு நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன் அவன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் அவன், குளிப்பாட்டினவன் அவன். ஆனாலும் அம்மா காத்திருப்பது அமெரிக்காவுக்காகத்தான். சாவு வீட்டில் அழுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால் நன்றாகவே அழுதான்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐஸ் தேடிப் போனான்.

பெருங்களத்தூரில் ஐஸ் கட்டி கிடைக்கவில்லை. கரண்ட் இல்லாமல் ஐஸ் கம்பெனியே ஓடவில்லை என்றார்கள். கையில் ஐஸ் வைத்திருந்தவள் அடுத்த தெருவில் மீன் விற்கும் அங்காளம்மா ஒருத்திதான். வேதாசலம் சுத்த சைவம். தன் தெருவில் அவள் கூடையை இறக்கக் கூடாது என்று பஞ்சாயத்துவரை போனவர். கங்காதரன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவள் மீனையெல்லாம் ஒரு கோணியில் கொட்டிவிட்டு, ஐஸ் இருந்த தன் மீன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வந்தாள்.

உள்ளே நுழைந்ததும் உறவினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா என்ன சொல்வாளோ என்று கங்காதரன் பார்த்தான். அம்மா தானே எழுந்து, கண்ணாடி மூடியைத் தூக்க ஒரு கை கொடுத்தாள்.

வேதாசலத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஐஸைப் பரப்பினார்கள். அதில் இரண்டு நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது. அங்காளம்மா அதைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, வேதாசலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா நாயினா, உசிரோட இருந்த வரைக்கும் என்னை இந்தத் தெருவுல உக்கார வுடல. இப்ப என் ஐஸ்ல படுத்துகினு கீற," என்றாள். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட அழுகைகளில் அதுதான் உரக்கக் கேட்டது.

மீன் வாடை தாங்காமல் உறவினர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஊருக்குப் போய்விடலாம் என்றால் பேட்டரி செத்து வேன் கிளம்பவில்லை. அதனால் எல்லோரும் எதிர் வீட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் அம்மா மட்டும் இருந்தாள். கங்காதரன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவள் பெட்டியின் மேல் குனிந்து மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்த மாதிரிகூட இருந்தது. மூத்த மகன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவன் விலகி வந்தான்.

வெயில் இறங்கியது. லைன்மேன் வரவில்லை. பாடை கட்டுகிறவர்கள் வந்து மூங்கிலை இறக்கினார்கள். ஐஸ் தண்ணீர் வாசல்படி தாண்டி ஒழுகியது. அதைத் தேடி ஒரு பூனை வந்து உட்கார்ந்திருந்தது.

கங்காதரனின் செல்போன் அடித்தது. சுந்தரராமன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா கங்கா?"

கங்காதரனுக்குக் கேள்வி புரியவில்லை. இன்னும் எடுக்கவில்லை, உனக்காகத்தான் வைத்திருக்கிறோம், மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டாயா, டாக்ஸி அனுப்பட்டுமா என்று கேட்டான்.

"லீவு கெடைக்கல, நான் வரல, எனக்காக வெச்சிருக்காதீங்கன்னு நேத்து காலைலயே அம்மாகிட்ட சொல்லிட்டேனே," என்றான் சுந்தரராமன். "அம்மாதான், 'உனக்காக இல்லடா, அவரை இன்னும் ஒரு நாள் எங்கூட வெச்சுக்கறேன், அதெல்லாம் கங்கா பாத்துப்பான்'னாங்க."