'நில்' பலகைக்கு வெள்ளோட்டம்

ஒஹையோ மாநிலத்தில் மார்லோ ஃபால்ஸ் ஊர் நகராட்சியில் எந்த வேலையையும் செய்வதில்லை. 'பைலட்' பண்ணுவார்கள். அதாவது, வெள்ளோட்டம் பார்ப்பார்கள். செய்தால் பிழை வரலாம். பிழைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். பைலட் பண்ணினால் பிழைக்குப் பெயர் 'கற்ற பாடம்'. அதற்கு மானியமும் உண்டு. ஆகவே குப்பை அள்ளுவது பைலட், பனி அள்ளுவது பைலட். சென்ற குளிர்காலத்தில் அலுவலகக் குழாயில் வெந்நீர் வந்ததும் பைலட்.

டெஸ்ஸா டுபிக்கி அங்கே புதிதாகச் சேர்ந்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இந்த வினைச்சொல்லைக் கல்லூரியில் யாரும் கற்றுத்தரவில்லை. கூட்டங்களில் மற்றவர்கள் எங்கே சொல்கிறார்களோ அங்கே தானும் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

அவள் தங்கை லூசி பள்ளிக்குப் போகும் எல்டர் தெரு முனையில் எந்த வண்டியும் நிற்பதில்லை. ஒருநாள் ஒரு லாரி லூசியின் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது. அன்று மாலை அம்மா ரெனாட்டா பொறுமை இழந்தாள்.

"மோட்டல் துணியெல்லாம் துவைச்சு உன்னைப் படிக்க வெச்சேன். அந்த முனையில ஒரு ஸ்டாப் போர்டு நட முடியாதாடி உன்னால?"

டெஸ்ஸா தயங்கித் தயங்கி இயக்குநர் பிரென்ட் ஹேவர்கேம்ப்பிடம் கேட்டாள். தாராளமாக பைலட் பண்ணலாம் என்றார் அவர். பலகை வந்தது. வண்டிகள் நின்றன. குளிர்காலம் முழுக்க ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. ஹேவர்கேம்ப் டோனட் வாங்கிவந்து, மாபெரும் வெற்றி என்று அறிவித்தார். மறுநாள் ஆட்கள் வந்து பலகையைப் பிடுங்கிப் போனார்கள்.

டெஸ்ஸா அவர் அறைக்கு ஓடினாள்.

"வெற்றின்னு சொன்னீங்களே, பிரென்ட்?"

"அதனாலதாம்மா. தெரிஞ்சுபோனதை எப்படி பைலட் பண்றது? புதுசுக்குத்தான் மானியம்."

"நிரந்தரமா வெச்சிடலாமே?"

கெட்ட வார்த்தை கேட்டவர்போல் அவர் கதவைச் சாத்தினார். நிரந்தரப் பணிப் பிரிவைக் கலைத்து வெகுகாலம் ஆகிறதாம். யாரும் எதுவும் கேட்டு வராததால் மூடிவிட்டார்களாம்.

அன்று இரவு வீட்டில் அம்மா தட்டைச் சத்தமாக வைத்தாள். தூக்கம் வராமல் புரண்ட டெஸ்ஸாவுக்கு ஒரு யோசனை வந்தது. காலையில் இயக்குநர் முன் போய் நின்றாள். வைத்த பலகையைப் பிடுங்காமலே விட்டால் என்ன ஆகும் என்று இதுவரை எந்த ஊரும் பைலட் பண்ணியதில்லை என்றாள்.

ஹேவர்கேம்ப்பின் கண்கள் கலங்கின. இப்படி ஒரு துணிச்சலான சிந்தனையைத் தன் பணிக்காலத்தில் கேட்டதே இல்லை என்றார். பலகை எல்டர் தெருவுக்குத் திரும்பியது. அம்மா உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமை பேசினாள்.

ஆனால் சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் வேண்டுமே. ஒன்றைப் பிடுங்காமல் விட்டதால், முறைப்படி ஊரிலுள்ள மற்ற ஸ்டாப் பலகைகளை எல்லாம் பிடுங்கினார்கள். மக்கள் கொதித்துப்போய்க் கூட்டத்துக்கு வந்தார்கள். நாட்டிலேயே இதைச் செய்யும் முதல் ஊர் நம்முடையது என்று ஹேவர்கேம்ப் சொன்னதும் கைதட்டினார்கள். போகும்போது ஆளுக்கொரு டோனட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து ஊர்ப் பெற்றோர் அத்தனை பேரும் பிள்ளைகளோடு எல்டர் தெரு முனைக்கே வந்து சாலையைக் கடந்தார்கள். வரிசை தேவாலயம் வரை நீண்டது. லூசியைக் கைபிடித்து நின்ற அம்மாவுக்குப் பின்னால் ஹேவர்கேம்ப்பும் தன் மகளோடு நின்றுகொண்டிருந்தார். டெஸ்ஸாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஊரே இங்க வந்து நிக்குது பார்த்தியா, டெஸ்ஸா? இதைவிட ஒரு வெற்றி உண்டா?"

அம்மா பெருமையோடு மகளைப் பார்த்தாள். டெஸ்ஸா அவசரமாகத் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சீக்கிரம் கடந்துடு லூசி. வெற்றின்னு சொல்லிட்டாரு."