தாய்மாமன் சீரும் தேன்கூட்டுக் கவுனும்

அடுத்தவர் குழந்தை போட்டிருக்கும் சட்டையைப் பார்த்து, 'இதென்ன பிரமாதம், நாமே தைத்துவிடலாம்' என்று ஒருத்தி நினைத்தால், அவளுக்குத் தையல் தெரியாது என்று அர்த்தம். தெரிந்தவள் பேசாமல் கடைக்குப் போவாள். எனக்கு அப்போது காஜா எடுக்கத் தெரியும், கிழிசல் தைக்கத் தெரியும். மீதியெல்லாம் தைரியம்தான்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கு அங்கே ஓவர்சியர் வேலை. சாயங்காலங்களில் துரை வீட்டு ஆயா ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் வீட்டு வழியாகக் கொண்டுபோவாள். அந்தக் குழந்தையின் கவுனில் மார்புப் பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கொசுவம் வைத்து, அதன் மேல் கலர் நூலால் தேன்கூடு மாதிரி பின்னியிருந்தது.

"இதுக்குப் பேரு ஸ்மாக்கிங்குங்க," என்றாள் ஆயா. "புள்ளி வெச்சு, நூலோட்டி, இழுத்துச் சுருக்கி, மேல பூத்தையல் போடோணும். அவ்வளவுதானுங்க."

(அந்த 'அவ்வளவுதானுங்க'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் பாவாயம்மா, மகள் சரசுவுக்குக் காதுகுத்து வைத்தார். தாய்மாமன் என்கிற முறையில் என் கணவர்தான் குழந்தைக்குப் புதுத்துணி கொண்டுபோக வேண்டும்.

"பட்டுப் பாவாடை எடுத்தறலாம் அம்மிணி. அக்காளும் அதைத்தான் கேட்டுச்சு," என்றார்.

"பட்டு நெய்யற ஊருக்கே பட்டுக் கொண்டுட்டுப் போறதுங்களா? நானே கவுனு தெக்கறேன். இப்படி ஒண்ண அங்க ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க."

(பார்த்ததில்லைதான். அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.)

கணவர் சேலம் போய், செவ்வாய்ப்பேட்டைக் கடையில் மஞ்சள் மல் துணி வாங்கிவந்தார். சுருக்கினால் துணி மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று ஆயா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் துணி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு பொம்மைக்குத்தான் ஆகும் போலிருந்தது. கணவர் மறுபடியும் சேலம் போனார். இரண்டாவது துணியில் புள்ளி வைக்க அவருடைய ஆபீஸ் பென்சிலை எடுத்தேன். ஈரம் பட்டால் அது ஊதா மையாகப் பரவும் என்பது என் கை வியர்த்தபோது தெரிந்தது. அவர் இன்னொரு தடவை சேலம் போனார். இந்தத் தடவை ஆபீஸ் பென்சிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மடிப்பைத் தவறவிட்டால் வரிசையே ஒரு பக்கமாகச் சாயும். பிரிப்பேன். பிரிக்கும்போது நூல் அறும். அதற்குள் அடுப்பில் பருப்பு தீய்ந்திருக்கும். எரிச்சலில், இனி எதுவும் அசையக் கூடாது என்று ஒவ்வொரு தையலையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

"ஏம்மிணி, இது கவுனா, காவேரிக்குக் குறுக்க நிறுத்தற செவுரா?" என்றார் கணவர்.

அளவுக்கு, சரசு வயதிலிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையின் கழுத்தை நூலால் அளந்திருந்தேன். கழுத்துக்கு மிகச் சரியாக இருந்தது. கழுத்துக்குப் போகும் வழியில் தலை என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. துரை வீட்டுக் கவுனுக்கு முதுகில் பொத்தான் இருந்திருக்க வேண்டும். தள்ளுவண்டியில் சாய்ந்திருந்த குழந்தையின் முதுகை நான் எங்கே கண்டேன்!

காதுகுத்தன்று கோயிலில் சீர்த்தட்டை இறக்கியதும் பெண்களெல்லாம் கவுனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நீயா தெச்ச அம்மிணி?" என்று பாவாயம்மாவே வாயைப் பிளந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சரசுவுக்கு மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். நான் கவுனை மாட்டினேன். சந்தன வழுக்கலில் உச்சந்தலை மட்டும் வெளியே வந்து, புருவத்தோடு நின்றுவிட்டது. இரண்டு கைகளும் தூக்கியபடியே உள்ளே மாட்டிக்கொண்டன. கீழே இழுத்தேன், இறங்கவில்லை. மேலே இழுத்தேன், குழந்தையே கூட வந்தது. உள்ளேயிருந்து கிளம்பிய அலறலில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் அந்த மூட்டையை அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியோடு குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏனுங்க, காது எங்கீங்க?"

"உள்ளதானுங்க இருக்குது," என்றார் என் கணவர்.

"கிழிச்சுப் போடு சாமி! புள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார் பாவாயம்மா.

"கிழிக்காதீங்க! கொஞ்சம் எண்ணெய் தடவுனா எறங்கிரும்ங்க!" என்று நானும் கத்தினேன். (பெற்றவள் குழந்தைக்காகப் பதறுகிறாள், நான் கவுனுக்காகப் பதறுகிறேன்.)

மொட்டையடித்தவர் யாரையும் கேட்கவில்லை. கத்திரிக்கோலை விட்டு வரிசை வரிசையாக நூலை நறுக்கினார். என் கணவர் நிம்மதியோடு குழந்தையைத் தூக்கித் தரையில் நிறுத்தினார். அவ்வளவுதான். சுருக்கி வைத்திருந்த துணி அத்தனையும் மதகு திறந்த மாதிரி விரிந்தது. கழுத்து தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, மொத்தக் கவுனும் காலடியில் வந்து விழுந்தது. சபை நடுவே சந்தனத் தலையும் வெள்ளி அரைஞாணுமாகச் சரசு நின்றாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அழுகையை நிறுத்திவிட்டு அவளும் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: நானும் அவள் அம்மாவும்.

மாமன் தோள்துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் காது குத்திக்கொண்டாள். பந்தியில் எனக்கு இலை போட்ட பெண் என் பேரைக் கேட்கவில்லை. "கவுனுக்கார அம்மிணி, இங்க உக்காருங்க," என்றாள்.

வருஷங்கள் போய் சரசுவுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் சீராகச் சேலைத் தட்டை நீட்டினோம். மணப்பெண் குனிந்த தலை நிமிராமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டாள்: "அத்தே, இதுக்குள்ள தலை நுழையோணுமுங்களா?"

மாப்பிள்ளை வீட்டாருக்கு விவரம் தெரியாது. பாவாயம்மா அங்கேயே உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னார்.

இப்போது சரசுவின் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் கதையில், குழந்தையின் தலையைக் கொஞ்சம் செதுக்கிவிட முடியுமா என்று நான் ஆசாரியிடம் கேட்கிறேன். அது பச்சைப் பொய். நான் கேட்டது எண்ணெய் மட்டும்தான்.