பாதியில் நின்ற ஒப்பாரி

செத்துப் போனவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தங்களைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று அவர்கள் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. சாகாமலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்தேன். அதுவும் படுத்த படுக்கையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நான் பிறவிக் கூச்சக்காரி. என் கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது எனக்குச் சத்தமே வரவில்லை. பின்னால் நின்ற என் அக்கா முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "ஆ" என்றேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். (அந்த ஒரு "ஆ"வை வைத்துத்தான் என் குடித்தனம் முழுக்க ஓடியது.)

அந்த அக்காவைத் தொண்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொரோனா வந்து ஊரே அடைத்துக் கிடந்த முதல் வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். கொரோனா இல்லை, வயசுதான். ஆனாலும் போக பஸ் இல்லை. என் மகன் சேவியர் போனிலேயே பாஸுக்கு எழுதிப் போட்டான். பாஸ் வந்தது, அடக்கம் முடிந்த மறுநாள். அதற்கு முன்னால் அக்கா மகன், முகத்தையாவது காட்டுகிறேன் சித்தி என்று வீடியோவில் கூப்பிட்டான். பாவம், அவனுக்குக் கை நடுக்கம். நான் பார்த்தது ஒரு மாலையின் ஓரம், சுற்றாத ஃபேன், யாரோ ஒருவருடைய காது. அக்கா முகம் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. அழுகை தொண்டைக்குள் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பகலில் நடக்கிறேனா நிற்கிறேனா என்று எனக்கே தெரியாது. தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, தண்ணீர் சுண்டிப் பானை கருகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மருமகள் ஜெனிட்டா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "அத்தை, நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றாள். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு அது, நீங்கள் இல்லாமல் இருந்தாலே போதும் என்று சொன்னது போல நெஞ்சில் விழுந்தது.

காய்ச்சல் பார்க்க வீடு வீடாக வந்த நர்ஸம்மாவிடம், "இனி இருந்து என்னத்தச் செய்ய" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வாயே திறக்காதவள் திறந்தால் இப்படித்தான். அவர் அந்த வார்த்தையைக் கொண்டுபோய்க் கவுன்சிலிங் டீச்சரிடம் சேர்த்துவிட்டார்.

டீச்சர் பெயர் நித்யா. ராமநாதபுரத்துப் பெண். கொரோனாவுக்கு முந்தி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் வருவாராம். ஒரு சின்ன ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைக் கறந்துவிடுவாராம். இப்போது அந்த ரூமில் காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. அதனால் எல்லாம் போனில்.

முதல் நாள் போன் வந்தது. "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "தூங்குனீங்களா?" இல்லை என்று தலையாட்டினேன்.

"அம்மா, நீங்க தலையாட்டுறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இங்கேருந்து எனக்குத் தெரியாதும்மா. 'ம்'னு ஒரு சத்தம் குடுங்க."

வெட்கத்தில் அதற்கும் தலையாட்டினேன்.

அவர் பக்கம் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சுக்கு வழியில்லாமல், குழாயை மூடவில்லையா என்று கேட்டேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். டீச்சர் சிரித்துவிட்டார். வீட்டில் மாமனார் டிவி பார்க்கிறாராம், பிள்ளை அழுகிறதாம், நான் சொல்வது வேறு யார் காதிலும் விழக்கூடாது என்று பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறாராம். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவ்வளவு படித்த பெண் எனக்காக வாளி மேல் உட்கார்ந்திருக்கிறது, நான் ஒரு "ம்" கொடுக்கக் கூடாதா? கொடுத்தேன்.

கொடுத்ததுதான் தாமதம், சேவியர் டிவி சத்தத்தைக் குறைத்தான். ஜெனிட்டா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். பேரப்பிள்ளைகள் சண்டையை நிறுத்தினார்கள். எங்கள் வீடு ஒரு ரூமும் ஒரு அடுப்படியும். கடலுக்குப் போக வழியில்லாத மகன், பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள், எங்கும் போக முடியாத மருமகள், எல்லோரும் என் ஒரு "ம்"முக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரமும் அப்படியே. டீச்சர் கேட்டார், "தனியா உக்காந்து பேச ஒரு இடம் கூடவா இல்லம்மா?" எங்கள் வீட்டில் பாத்ரூம் என்பது நாலு பக்கமும் ஓலை. நான் அங்கே உட்கார்ந்து பேசினால் அடுத்த வீட்டு ரோசாரி பதில் சொல்வாள்.

அப்போதுதான் வள்ளத்தின் நினைப்பு வந்தது.

சேவியரின் வள்ளம் வாரக்கணக்கில் கரையில் பூவரசு மரத்தடியில் கிடந்தது. உள்ளே வலை, மேலே தார்ப்பாய். அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. சிக்னலும் அங்கேதான் நன்றாக இருக்கும். ஒரே ஒரு இடைஞ்சல். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் அதற்கென்று இருக்கிற வள்ளங்களில் தீவுப் பக்கம் போய் வருவது உண்டு. ஆனால் வலை கிடக்கிற வள்ளத்தில் பெண்பிள்ளை கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வைத்தால் பாடு விழாது, வலை வெறுமனே வரும் என்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் நான் அந்த வள்ளத்தின் நிழலில் கூட உட்கார்ந்தது கிடையாது.

அன்று சாயங்காலம் சேவியரின் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். (பிள்ளைகள் காலையிலிருந்து அதில் ஆன்லைன் பாடம் படித்திருந்தார்கள். சார்ஜ் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு நினைவில்லை.) கரையில் யாரும் இல்லை. செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறுவதாவது? செருப்பைக் கழற்றி அழகாக ஜோடி சேர்த்து, மண் கொதிக்காத இடம் பார்த்து, ஈரத்தில் தண்ணீரோரமாக வைத்தேன். முந்தானையைத் தலைக்குப் போட்டு, "மாதாவே, ஒரு தடவைக்குப் பொறுத்துக்கோ" என்று ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். மற்ற காலைக் கொண்டுவர நான் பட்ட பாட்டைக் கடல் மட்டும்தான் பார்த்தது. உள்ளே போய் யாரும் பார்த்துவிடாமல் தார்ப்பாயை மேலே இழுத்து விட்டுக்கொண்டேன்.

"இப்ப தனியா இருக்கீங்களாம்மா?" என்றார் டீச்சர்.

"ம். கடக்கரையில இருக்கேன்." வள்ளத்துக்குள் என்று சொல்லவில்லை. படித்த பெண்ணிடம் போய் அதைச் சொல்வார்களா?

டீச்சருக்குச் சந்தோஷம். முதலில் உடம்பை இளக்குவோம் என்றார். படுக்க முடியுமா என்றார், வலை மேல் படுத்தேன். கண்ணை மூடச் சொன்னார். கால் விரல்களை இறுக்கி மெதுவாக விடச் சொன்னார். பிறகு முட்டி, இடுப்பு, கை, தோள். மூச்சை அலை வருகிற மாதிரி இழுத்து, அலை போகிற மாதிரி விடச் சொன்னார். நிஜமாகவே பக்கத்தில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. தெற்கே இருந்து வந்த சோழகக் காற்று தார்ப்பாயைத் தடவியது. அடியில் வலை, காய்ந்த மீன் வாடை, பஞ்சு மெத்தை மாதிரி. இப்போது நெற்றியை இளக்குங்கம்மா என்றார் டீச்சர். நெற்றி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. டீச்சர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "ம்" இல்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு சார்ஜ் தீர்ந்து அதுவும் நின்றுவிட்டது. இருந்து என்னத்தைச் செய்ய என்று சொன்ன கிழவி, கடற்கரை, அலை, அப்புறம் மௌனம். அவர் என்னதான் நினைப்பார்? பதறிப்போய் ஜெனிட்டாவின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டார். ஜெனிட்டா கரைக்கு ஓடி வந்தாள். தண்ணீரோரம் என் செருப்பு ஜோடியாக, கடலைப் பார்த்து இருந்தது.

நான் கண் விழித்தது வள்ளம் ஆடியதால். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு தூங்கினேன் என்று சந்தோஷப்படக் கூட நேரம் இல்லை. சுற்றிலும் ஊர். கூட்டம் கூடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த காலத்தில் எனக்காகக் கூடிய கூட்டம். ஆண்கள் வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், என்னைத் தேடுவதற்காக. வள்ளத்துக்குள் மட்டும் யாரும் பார்க்கவில்லை. வலை வள்ளத்தில் நான் ஏறுவேன் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாது. அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

"என்னலே, வள்ளம் இம்புட்டுக் கனமா இருக்கு?" என்றது ரோசாரி வீட்டுக்காரர் குரல்.

"உள்ள வலை கெடக்கு மாமா. தள்ளுங்க" என்றான் சேவியர். அவன் குரல் உடைந்திருந்தது.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் நன்றாக வலைக்குள் சுருண்டுகொண்டேன். அத்தனை ஆண்கள் முன்னால், தலை கலைந்து, வள்ளத்துக்குள் இருந்து எப்படி எழுந்திருப்பது? அதைவிடக் கடலுக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. (போய்க்கொண்டும் இருந்தேன்.)

அந்தப் பக்கம் பெண்கள் பேச்சு. ரோசாரி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நல்ல மனுசி. வாயே தெறக்காது. கொழாயடியில கொடத்தை மட்டும் நைசா முன்னாடி தள்ளும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடம் தள்ளுவது யார் என்று அந்தக் குழாய்க்குத் தெரியும்.

ஜெனிட்டா மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் சும்மா இருங்கன்னு சொன்னதுக்கா அத்தை இப்படிப் பண்ணீங்க? தூங்காம கெடந்து உழைக்கிறாகளே, கொஞ்சம் படுக்கட்டுமேன்னு சொன்னேன்."

எனக்குத் தொண்டை முள் அசைந்தது.

அப்புறம் ரோசாரி ஒப்பாரியை எடுத்தாள். அவள் குரலுக்கு எங்கள் ஊரில் இணை கிடையாது, அதை நான் எங்கேயும் சொல்வேன். "கூடப் பொறந்த பொறப்போட முகம் பாக்கலைன்னு ஏங்கி, அவ போன வழியிலேயே நீயும் போனியோ..." என்று இழுத்தாள்.

என் அக்காவுக்கு இப்படி ஒருத்தி அழுதிருப்பாளா? முகக்கவசம் கட்டிய நாலு பேர் அவசரமாக மண் போட்டதாகத்தான் சொன்னார்கள். எனக்காக எடுத்த ஒப்பாரியில் என் அக்காவை வைத்து நான் அழுதேன். அத்தனை நாள் தேங்கியது உடைந்துகொண்டு வந்தது. வாயை வலையால் அடைத்துப் பார்த்தேன். வலையில் இருந்த உப்பும் தூசியும் நெஞ்சில் ஏறி, அழுகையோடு இருமல் வந்துவிட்டது. ஒரு இருமல் இல்லை, வரிசையாக.

ஒப்பாரி நின்றது. தள்ளிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே தாவாகத் தாவிப் பின்னால் போய் நின்றார்கள். பேய் என்று பயந்தார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் கேட்டால், பேயைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லையாம். இருமலுக்குத்தான் ஓடியிருக்கிறார்கள்.

ஜெனிட்டா ஒருத்திதான் முன்னால் வந்து தார்ப்பாயைத் தூக்கினாள். தலையில் வலை, கன்னத்தில் வலைக்கண் அச்சு, கண்ணெல்லாம் தண்ணீர். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஊர் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ்கார தம்பி, லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செத்துப் பிழைத்தவளிடம் முதல் வார்த்தையாகக் கேட்டான்: "ஏம்மா, மாஸ்க் எங்க?"

ஜெனிட்டா போனை என் காதில் வைத்தாள். டீச்சர்.

"அம்மா... தூங்கிட்டீங்களா?"

"ம்."

"அழுதீங்களா?"

"ம்."

அந்தப் பக்கம் குழாய் சொட்டுகிற சத்தமும் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "இனிமே தூங்குறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுத் தூங்குங்கம்மா" என்றார். தலையாட்டினேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் அவருக்குப் பழைய ரூம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் வர முடியாதவர்களிடம் போனில் பேசுவதை அவர் விடவில்லை. எடுத்ததும், எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், சார்ஜ் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிற யாருடைய நம்பராவது தருவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். அதெல்லாம் நீங்க கத்துக் குடுத்ததும்மா என்றார். நான் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது.

வள்ளத்தில் தீர்த்தம் தெளித்துத்தான் சேவியர் மறுபடி கடலுக்குப் போனான். அன்று நான் சாப்பிடாமல் கரையில் நின்றேன். பாடு எப்போதும் போலத்தான் வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. (மாதா பொறுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.) இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிள்ளை தூங்காமல் அடம் பிடித்தால், "கொண்டுபோய் வள்ளத்துல போடு" என்கிறார்கள்.

எனக்கு ஒரு தண்டனை நிலைத்துவிட்டது. படுப்பதற்கு முன்னால், "நான் தூங்கப் போறேன்" என்று வீடு கேட்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஜெனிட்டாவின் சட்டம். கல்யாணத்துக்கே சத்தம் வராதவள் நான். ஆனாலும் சொல்கிறேன். சொன்னதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ரோசாரி தவறாமல் பதில் கொடுக்கிறாள்:

"நல்லாத் தூங்கு. மிச்ச ஒப்பாரி எங்கிட்ட பத்திரமா இருக்கு."